15 டாலர் துப்பாக்கியும் ஒரு ஹாக்ஸா பிளேடும்

1960களின் அமெரிக்கா. ஏதோ ஒரு சிற்றூர் வீட்டுக்கு நீளமான பெட்டி ஒன்று வந்து சேர்கிறது. உள்ளே கெட்டியான பழுப்புநிற கிரீஸ் பூசிய ராணுவ ரைஃபிள். மாடல் 1903ஏ3, ஸ்பிரிங்ஃபீல்டு வகை. இரண்டாம் உலகப்போரின்போது ரெமிங்டனும், தட்டச்சு இயந்திரம் செய்துகொண்டிருந்த ஸ்மித்-கொரோனாவும் லட்சக்கணக்கில் தயாரித்தது. போர் முடிந்துவிட்டது, ராணுவத்துக்கு இனி வேண்டாம். குடிமக்களுக்கான அரசின் துப்பாக்கிப் பயிற்சித் திட்டம் வழியாக ஏறக்குறைய 15 டாலருக்கு விற்றார்கள். கடையில் புதிய வின்செஸ்டர் மாடல் 70 வேட்டை ரைஃபிள் 100 டாலருக்கு மேல். மில் தொழிலாளி எதை வாங்குவார்? சொல்லவே வேண்டாம்.

வாங்கியவர் கிரீஸைத் துடைத்தார். சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்தார். ஹாக்ஸா பிளேடை எடுத்தார்.

இப்படி அறுக்கப்பட்ட துப்பாக்கிகளுக்கு எண்ணிக்கையே கிடையாது. ஸ்பிரிங்ஃபீல்டு, ஜெர்மன் மவுசர், பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு எதுவும் தப்பவில்லை. ராணுவத் துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றும் இந்த வேலைக்கு ‘ஸ்போர்ட்டரைசிங்’ என்று பெயர். இன்றைய சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டாலே தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அன்று அந்த மேசையில் நடந்த வேலைக்குப் பின்னால் தெளிவான நியாயம் இருந்தது.

ராணுவத் துப்பாக்கியில் மரக்கட்டை கிட்டத்தட்ட குழலின் நுனிவரை போகும். தொடர்ந்து சுடும்போது குழல் கொதிக்கும், சிப்பாயின் கை வெந்துவிடக் கூடாது. நுனியில் பயனெட் மாட்ட வேண்டும், குத்தும்போது அது தாங்க வேண்டும். மான் வேட்டைக்குப் போகிறவருக்கு இதில் எது தேவை? அவர் ஒரு நாளில் சுடுவதே ஒன்றோ இரண்டோ தோட்டா. மீதி நேரமெல்லாம் ஏறக்குறைய நான்கு கிலோ இரும்பையும் மரத்தையும் சுமந்து மலையேறுவதுதான். ஆகவே முன்பக்கக் கட்டையைப் பாதியில் அறுத்தார்கள். மேல் மூடியைக் கழற்றி எறிந்தார்கள். பயனெட் கொக்கியை அரத்தால் ராவினார்கள். எடை குறைந்தது, உருவமும் மெலிந்தது. “இப்பதான் பாக்குறதுக்கு வேட்டைத் துப்பாக்கி மாதிரி இருக்கு” என்று ஒரு திருப்தி.

அடுத்தது ஸ்கோப். பயனில் பெரிய லாபம் இங்கேதான், திரும்ப வர முடியாத அடியும் இங்கேதான். கட்டையை அறுத்தால் நாளைக்கு வேறு கட்டை மாட்டிக்கொள்ளலாம். ஸ்கோப்புக்குத் துப்பாக்கியின் உடலிலேயே, அந்தக் கெட்டி எஃகில், துளை போட்டு மரை வெட்ட வேண்டும். மவுசரில் போல்ட் கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருந்தால், தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கும். அதைச் சூடேற்றி வளைக்க வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்து மாடல் 1917 என்றால் பின்சைட்டின் இருபுறமும் காதுபோல நிற்கும் பாதுகாப்புத் தகடுகளையே தேய்த்துத் தள்ள வேண்டும். ஸ்கோப் வந்து உட்கார்ந்ததும் ஐந்து தோட்டாவை ஒரே அழுத்தில் உள்ளே தள்ளும் கிளிப் வசதி பெரும்பாலும் போய்விடும். சிப்பாய்க்கு அது உயிர்ப் பிரச்சினை. வேட்டைக்காரருக்குப் பரவாயில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்வார்.

எல்லா மாற்றமும் பலன் தந்ததா? இல்லை. குழலை ரொம்பக் குட்டையாக அறுத்தவர்கள் தோட்டாவின் வேகத்தை இழந்து, காதைக் கிழிக்கும் சத்தத்தை வாங்கிக்கொண்டார்கள். கட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக வார்னிஷ் அடித்தவர்கள், ஆயுதக் கிடங்கின் ஆய்வாளர் குத்திய சிறு முத்திரைகளையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள். அந்த முத்திரை மான் சுட உதவாது என்பது உண்மைதான். ஆனால் இந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதற்கான சாட்சியும் அந்த மரத்தூளோடு போனது.

1963இல் ஜான் கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்க்கானோ ரைஃபிளும் இப்படிப்பட்ட ராணுவ மிச்சச் சரக்குதான். சிகாகோவில் இருந்த கடையிலிருந்து, ஸ்கோப் மாட்டியே, 19.95 டாலருக்கும் தபால் செலவுக்கும் வாங்கியது. 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால்வழி விற்பனையையும், ராணுவ மிச்சத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. வரத்து சுருங்கியது. போரில் இந்தத் துப்பாக்கிகளைச் சுமந்தவர்கள் கிழவர்களானார்கள். ‘அப்பா கையில் இருந்தது எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும்’ என்று தேடும் தலைமுறை வந்தது. அவர்கள் தேடிய இடத்திலெல்லாம் கிடைத்தது அறுத்த கட்டையும் துளைபட்ட எஃகும்.

இன்று கைபடாத, நல்ல நிலையில் இருக்கும் 1903ஏ3 ஆயிரம் டாலரைத் தாண்டும். அறுபட்டது அதில் பாதியைத் தொட்டாலே அதிர்ஷ்டம். செய்தவர் செலவழித்த உழைப்பு, ஸ்கோப், புதிய விசை எல்லாம் விலைக்கணக்கில் கழித்தல் பக்கம் போய்விட்டன. இந்த வேலையைச் செய்த முகம் தெரியாத ஆளுக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ‘பப்பா’ என்று ஒரு கேலிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நம்மூரில் ‘எவனோ ஒரு அரைகுறை கை வெச்சிருக்கான்’ என்று சொல்வோமே, அதேதான்.

கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் இருந்த பொருள் அரிதானது பப்பாவால்தான். அவர் அறுத்துத் தள்ளியதால்தான் அறுக்காததற்கு இந்த விலை.

ராணுவமே இதைச் செய்திருக்கிறது. 1903 ஸ்பிரிங்ஃபீல்டு முதலில் வந்தபோது அதன் பயனெட் கம்பிபோல மெலிதாக, குழலுக்கு அடியிலிருந்து வெளியே இழுக்கும்படி இருந்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அது அறவே பிடிக்கவில்லை. 1905இல் எதிர்த்துக் கடிதம் எழுதினார். கத்திப் பயனெட் வந்தது. அதற்குள் செய்து முடித்திருந்தவற்றையும் திரும்ப வாங்கி மாற்றியமைத்தார்கள். தப்பிப் பிழைத்தவை மிகச் சில. அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளில் சேகரிப்பாளர்கள் மிக அதிக விலை கொடுக்கும் வகைகளில், குடியரசுத் தலைவர் குப்பை என்று ஒதுக்கிய அந்த வடிவமும் ஒன்று.

அதே ரூஸ்வெல்ட் தனக்கென்று ஒரு ஸ்பிரிங்ஃபீல்டை வேட்டைக்கு ஏற்றபடி மாற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார். 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கும் அதைக் கொண்டுபோனார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படித்து ஆசைப்பட்டவர் சீமோர் கிரிஃபின் என்ற நியூயார்க் மரத்தச்சர். ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வால்நட் மரத்தில் கட்டை செதுக்க ஆரம்பித்தார். 1923இல் ஜேம்ஸ் ஹோவோடு சேர்ந்து ‘கிரிஃபின் அண்ட் ஹோ’ என்ற கம்பெனி பிறந்தது. ஹெமிங்வே வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்டு அவர்கள் செய்து கொடுத்ததே. இதுவும் ராணுவத் துப்பாக்கியைக் கலைத்துச் செய்ததுதான், இதிலும் துளை உண்டு. ஆனால் விலை குறையவில்லை, ஏறியது. கிரிஃபினின் வேலையில் பெயர் இருக்கிறது, சமையலறை மேசையின் வேலையில் பெயர் இல்லை. கைத்திறன் வித்தியாசம் நிஜம். ஆனால் பெயருக்கும் சேர்த்தே சந்தை காசு கொடுக்கிறது.

இதுவரை சொன்னது உரிமையாளர் தன் தேவைக்காகச் செய்த மாற்றங்கள். துப்பாக்கியைச் சுமப்பவருக்கு எதிராகவும் அதை மாற்றலாம். அந்தக் கதை நம் நாட்டில் நடந்தது.

1857 எழுச்சியைத் தூண்டிய கொழுப்புத் தோட்டா, என்ஃபீல்டு ரைஃபிளுக்கானது. எழுச்சியை அடக்கியபின் பிரிட்டிஷார் இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனி வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். 1858 வடிவம் தூரத்திலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்டு. அருகில் போய்ப் பார்த்தால் குழலுக்குள் திருகுப் புரி இல்லை, கடைந்து வழவழப்பாக்கியிருந்தார்கள். தூரத்துக்கு ஏற்ப உயர்த்தும் பின்சைட்டுக்குப் பதில் அசையாத ஒரு சிறு கட்டி. அருகில் இருப்பவனைச் சுடலாம், தொலைவில் நிற்கும் வெள்ளைக்கார வீரனோடு சமமாக நிற்க முடியாது. தோற்றத்தை விட்டுவிட்டுப் பயனை மட்டும் உருவியெடுத்த மாற்றம்.

இருபதாம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டுகளை .410 மஸ்கட்டுகளாக மாற்றினார்கள். புரியை நீக்கி, மேகசின் இருந்த குழியில் மரத்துண்டை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று ஆக்கினார்கள். போலீசுக்கும் காவலாளிக்கும் அது போதும் என்று முடிவு. அவற்றில் பல பின்னாளில் மிச்சச் சரக்காக அமெரிக்காவுக்குப் போயின. கடையில் கிடைக்கும் சாதாரண .410 தோட்டா நுழையும்படி சிலர் மறுபடி கடைந்துகொண்டார்கள்.

இந்த மஸ்கட்டில் ‘அசல்’ எது? மரத்துண்டைப் பிடுங்கி, மேகசின் போட்டு, பழைய லீ-என்ஃபீல்டாக மீட்டெடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சுமக்கக் கொடுத்தவனையே நம்பாத ஓர் அரசின் கையெழுத்து அந்த மரத்துண்டு. அதைப் பிடுங்குவதும் முத்திரையை உப்புத்தாளால் தேய்ப்பதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது.

அந்த 15 டாலர் துப்பாக்கிக்குத் திரும்புவோம். அதை அறுத்தவர் இறந்துவிட்டார். மகன் அதைக் கடைக்குக் கொண்டுபோகிறான். கடைக்காரர் ஸ்கோப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் துளைகளை விரலால் தடவிப் பார்க்கிறார். “உங்க அப்பா கை வெக்காம இருந்திருந்தா நல்ல வெலை போயிருக்கும்” என்கிறார். மகனுக்கு அந்தத் துளைகள் போட்ட நாள் நினைவிருக்கிறது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் மான்கறி இருந்தது.