293318625600

293318625600 (29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600) ஓர் உயர் பகு எண் ஆகும். தன்னைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் இல்லாத அளவு வகுஎண்களைக் கொண்டது உயர் பகு எண். 12க்கு 6 வகுஎண்கள். அதற்குக் கீழுள்ள எதற்கும் 4க்கு மேல் இல்லை.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், இவ்வெண்களைப் பற்றி 1915 இல் இலண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். 6746328388800 வரை 102 எண்களை அதில் பட்டியலிட்டார். இந்த எண் மட்டும் விடுபட்டுவிட்டது. கணிப்பொறி இல்லாத காலத்தில் விடுபட்டது ஒன்றே ஒன்றுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் பகாக்காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்க, 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 வகுஎண்கள் கிடைக்கின்றன. 195545750400 என்ற எண்ணுக்கு 4608 வகுஎண்களே உள்ளன. அதில் ஒரு 2க்குப் பதிலாக ஒரு 3ஐ இட்டால் விடுபட்ட எண் வந்துவிடும்.

இவ்வாய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் இராமானுசனுக்கு இளங்கலைப் பட்டம் அளித்தது.