எச்சரிக்கை ஒலித்தால் மேலெழ வேண்டும்

1974-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கவிருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானம், வர்ஜீனியா மாநிலத்தின் மவுன்ட் வெதர் மலையில் மோதியது. அதில் இருந்த 92 பேரும் உயிரிழந்தனர். மூன்றே நாள்களில், ஹஜ் பயணிகளுடன் இந்தோனேசியாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த மார்டின்ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம், இலங்கை மலையகத்தின் சப்த கன்னி மலைத்தொடரில் மோதியது. 191 பேர் மாண்டனர்.

இரு விபத்துகளுக்கும் இயந்திரக் கோளாறு காரணமல்ல. முதல் விமானத்தின் விமானிகள், இறங்குவதற்குக் கிடைத்த அனுமதியையே பாதுகாப்பான உயரத்துக்கான உறுதிமொழியாகக் கருதிவிட்டனர். இரண்டாவது விமானத்தில், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதையே விமானிகள் தவறாகக் கணித்தனர். நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் விமானம் விமானி அறியாமலேயே நிலத்தில் மோதும் இத்தகைய விபத்துகள், ஒரு காலத்தில் விமானப் பயணத்தின் மிகப்பெரிய அச்சுறுத்தலாக இருந்தன.

டி.டபிள்யூ.ஏ. விபத்தைத் தொடர்ந்து, பயணிகள் விமானங்களில் நில அண்மை எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. ரேடியோ அலைகளைக் கொண்டு விமானத்துக்கு நேர் கீழே உள்ள தரையின் தூரத்தை அளந்து, அது வேகமாகக் குறைந்தால் எச்சரிப்பதே அக்கருவியின் பணி. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மேன் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார்.

ஆனால், கீழே மட்டுமே பார்க்கும் கருவிக்கு எதிரே நிற்கும் செங்குத்தான மலை தெரியாது. 1995 டிசம்பர் 20-ஆம் தேதி, கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் திசைமாறி மலைகளுக்குள் நுழைந்தது. எச்சரிக்கை ஒலித்தபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 12 விநாடிகளே. விமானிகள் உடனே விமானத்தை மேலெழுப்ப முயன்றனர். ஆனால், முன்னரே விரித்திருந்த வேகத்தடைப் பலகைகளை மடக்கவில்லை. 159 பேர் இறந்தனர்.

இக்குறையை நீக்கியது மேம்படுத்தப்பட்ட கருவி. உலகின் நிலப்பரப்பு முழுவதையும் நினைவகத்தில் கொண்டு, செயற்கைக்கோள் வழியே தன் இருப்பிடத்தை அறிந்து, எதிர்வரும் மலையை அது முன்கூட்டியே கணிக்கிறது. மோதலுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்னதாக எச்சரிக்கை. அரை நிமிடம் முன்னதாக 'மேலே எழுப்பு' என்ற கட்டளை. சோவியத் ஒன்றியம் சிதைந்த பின்னர் அதன் நிலவரைபடங்களையும் வாங்கியே பேட்மேனின் குழு இத்தரவுத் தொகுப்பை உருவாக்கியது. இக்கருவி பரவிய பின்னர் இவ்வகை விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

எனினும், கேட்கப்படாத எச்சரிக்கையால் பயனில்லை. 2010 ஜூலையில் இஸ்லாமாபாதின் மார்கல்லா குன்றுகளில் மோதிய ஏர்புளூ விமானத்தில் இக்கருவி மீண்டும் மீண்டும் எச்சரித்தது. 152 பேர் இறந்தனர். அதே ஆண்டு மே 22-ஆம் தேதி மங்களூரில் நேர்ந்தது வேறு வகை விபத்து. மேட்டு நிலத்தில் அமைந்த ஓடுபாதையைக் கடந்த விமானம் பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். அங்கும் கருவி எச்சரித்தது. துணை விமானி மும்முறை மறுசுற்றுக்குச் செல்லுமாறு கூறினார். தலைமை விமானி செவிசாய்க்கவில்லை என்பதே விசாரணையின் முடிவு.

வேகமும் உயரமும் சீராக அமையாத தரையிறக்க முயற்சிகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே கைவிடப்படுவதாக விமானப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வு காட்டுகிறது. இலக்கு அருகில் இருக்கும்போது திரும்பிச் செல்ல மனித மனம் எளிதில் இசைவதில்லை. அதற்குத் தீர்வு பயிற்சியும் பணிச்சூழலுமே. மறுசுற்றுக்குச் சென்ற விமானியிடம் எரிபொருள் கணக்கோ, தாமதத்துக்கு விளக்கமோ கேட்கும் வழக்கம் எந்த நிறுவனத்திலும் இருத்தலாகாது. இளைய விமானியின் குரலுக்கு மூத்தவர் உடனடியாகப் பணிய வேண்டும் என்பது விதியாக மட்டுமன்றி, இயல்பாகவும் மாற வேண்டும்.

இறங்கவிருந்த விமானம் திடீரென மேலெழுந்தால் பயணிகள் பதற்றமடைவது இயல்பே. உண்மையில் அந்த முடிவுதான் அவர்களைப் பாதுகாக்கிறது. பதினைந்து நிமிடத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வது பயணிகள் பாதுகாப்புக்கு அளிக்கும் பங்களிப்பாகும்.