பொப்பி மலரும் பூவரசம் பூவும்

1918 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு மேற்குப் போர்முனையிற் பீரங்கிகள் ஓய்ந்தன. மறு ஆண்டு அதே நாளில், அதே வேளையில், பேரரசெங்கும் மக்கள் இரண்டு நிமிட நேரம் மௌனம் பூண்டு மாண்ட வீரரை நினைத்தல் வேண்டுமென ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வேண்டிக்கொண்டார். 1920 இல் அந்நாளிலேயே, எட்வின் லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த நினைவுத்தூண் இலண்டன் மாநகரிலே திறக்கப்பெற்றது. அதற்கு இடப்பெற்ற கிரேக்கப் பெயருக்கு ‘வெற்றுக் கல்லறை’ என்பது பொருள். உடல் தொலைதூர மண்ணிற் கிடக்க, பெயருக்கு ஒரு கல் நிற்கும். நடுகல் நாட்டி வழிபட்ட தமிழர்க்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று.

கல்லைத் தொடர்ந்து மலரும் வந்தது. போரால் உழப்பட்ட பிளாண்டேர்ஸ் நிலத்திலே செழித்துப் பூத்த செந்நிறப் பொப்பி, சிந்திய குருதிக்கு அடையாளமாயிற்று. 1921 முதல் பிரித்தானியாவில் அம்மலரைத் துணியிற் செய்து விற்று, அப்பொருளைப் போரில் ஊனமுற்றோர்க்கும் வறுமையுற்ற முன்னாட் போர்வீரர்க்கும் வழங்கினர். நோக்கம் நல்லதே, அதனைக் குறைகூறுவார் இலர்.

இலங்கையிலும் இந்நாள் கொண்டாடப்பெற்றது. லட்யன்ஸ் வகுத்த தூணொன்று கொழும்பில் காலிமுகத்திடலில் எழுந்தது. (இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, இன்று விகாரமகாதேவிப் பூங்கா எனப்படும் இடத்தை அடைந்தது.) பொப்பி மலர் வீதிகளில் விற்கப்பட்டது, பள்ளி மாணவரும் அதனை வாங்குமாறு செய்யப்பட்டனர். ஆனால், இங்குத் திரண்ட பணம் பிரித்தானிய வீரர்க்கே பயன்பட்டது. அதே பேரரசின் கொடியின்கீழ்ப் பணிபுரிந்து மீண்ட இலங்கை வீரன் புறக்கணிக்கப்பட்டான். இறந்தாரை நினைக்கும் மௌனத்தில் வேற்றுமை இல்லை. இருந்தாரைப் புரக்கும் உண்டியலில் வேற்றுமை இருந்தது.

இவ்வேற்றுமையை முதலில் எதிர்த்தவர் அரசியல்வாதியல்லர். ஏலியன் பெரேரா என்னும் முன்னாட் போர்வீரரே. 1930 களின் தொடக்கத்தில், பொப்பி விற்கும் அதே நாளில், அவர் சூரிய மலரை விற்கத் தொடங்கினார். சிங்களத்திற் சூரிய எனப்படுவது நம்மவர் பூவரசே. யாழ்ப்பாணத்து வேலியோரங்களில் நிற்பதும், சிறுவர் இலை சுருட்டிக் குழலூதுவதுமாகிய அந்த மரத்தின் மஞ்சட் பூ, பேரரசின் செம்மலருக்கு எதிர்நின்றது. அவ்விற்பனையால் வந்த பொருள் வறிய இலங்கை வீரர்க்குச் சென்றது.

1933 இல் இயக்கம் வேறு கைகளுக்கு மாறியது. இங்கிலாந்திற் பிறந்து இலங்கையில் ஆசிரியப் பணிபுரிந்த டொரீன் விக்கிரமசிங்க அம்மையார், தம் நாட்டு வீரரை விட்டு அயல்நாட்டு வீரர்க்குக் காசு கொடுக்கும்படி இலங்கைப் பிள்ளைகளை ஏவுதல் எத்துணைப் பொருந்தாதது எனச் செய்தித்தாளிலே எழுதினார். அவருடைய சொந்த நாட்டவரே அவரைத் தூற்றினர். தென்கொழும்பு வாலிபர் சங்கத்தார் சூரியமல் இயக்கத்தை ஏகாதிபத்திய எதிர்ப்பும் போரெதிர்ப்பும் கொண்டதாகப் புதுப்பிக்க, அம்மையார் அதன் முதல் தலைவராயினார். வாங்கியோர் பெரும்பாலும் ஏழைகள். திரண்ட பணமோ சிறிது. அதுவும் ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுமி ஒருத்தியின் கல்விக்குச் செலவிடப்பட்டது.

இங்கு ஒன்று கவனித்தற்குரியது. யாருக்காக இப்பூ முதலில் விற்கப்பட்டதோ அந்த முன்னாட் போர்வீரன் இம்மாற்றத்தின்பின் கதையின் ஓரத்திற்குப் போய்விட்டான். பொப்பி அவனைக் கைவிட்டது அநீதி. சூரிய மலரும் அவனைத் தாண்டிச் சென்றது. புதிய நோக்கம் பெரிதென்பதில் ஐயமில்லை. எனினும் பெரேராவின் சிறிய கணக்கு தீர்க்கப்படாமலே நின்றது.

1934–35 இல் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடியபோது, இவ்வியக்கத்து இளைஞர் கேகாலைப் பகுதிக் கிராமங்களிற் புகுந்து மருந்தும் உணவும் வழங்கினர். அவர்களுட் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆம் நாளில் கொழும்பு வீதிகளிற் செம்மலரும் மஞ்சள் மலரும் போட்டியிட்டு விற்கப்பட்டன. அடுத்த உலகப் போர் மூளும் வரை அது நீடித்தது.