பழையாறையில் ஒரு சிறு தளி

குடந்தைக்கு வருவோர் கும்பேசுவரரைத் தொழுது, தாராசுரத்துச் சிற்பங்களை வியந்து திரும்பிவிடுகின்றனர். அண்மையிலேயே சோழர் மாநகராகிய பழையாறை, வயல்களுக்கிடையே பல சிற்றூர்களாகச் சிதறிக் கிடப்பதை அறிந்தார் சிலரே. சோழன்மாளிகை என ஓர் ஊர்ப்பெயர் உண்டு, மாளிகைதான் இல்லை.

அமர்நீதி நாயனார் தோன்றிய நகர் இது. மறைக்கப்பட்டிருந்த சிவலிங்கத்தைக் கண்டல்லது உண்ணேன் என்று அப்பரடிகள் நோன்பிருந்த வடதளியும் இங்குள்ளதே.

பட்டீச்சுரத்தை அடுத்து, இராமநாதன் கோயில் என மக்கள் வழங்கும் சிறு கற்றளி ஒன்று உண்டு. கல்வெட்டோ அதனைப் பஞ்சவன்மாதேவீச்சுரம் என்றும் பள்ளிப்படை என்றும் குறிக்கிறது. பள்ளிப்படையாவது, மறைந்த அரச குடியினர் நினைவாக எழுப்பப்படும் கோயில். பஞ்சவன்மாதேவியார் முதலாம் இராசராசனின் தேவியருள் ஒருவர். முதலாம் இராசேந்திரனுக்குச் சிற்றன்னை. 1012 முதல் 1044 வரை ஆட்சிபுரிந்து, கங்கைகொண்டசோழபுரத்தில் விண்ணளாவும் விமானம் எடுத்த அவ்வேந்தனே, தன்னைப் பெறாத அன்னைக்கு இச்சிறு தளியையும் எடுத்தான்.

இச்செய்தியைக் கோயிலின் இன்றைய பெயர் சொல்லவில்லை. கல்லில் நிற்கும் எழுத்தே சொல்லிற்று. அவ்வெழுத்து இல்லையேல், இக்கோயில் யார்பொருட்டு எழுந்தது என்பதை நாம் அறியோம்.

ஆதலின் அன்பர்களே, திருப்பணி செய்யும் ஆர்வத்தால் கல்வெட்டின்மேல் சுண்ணம் பூசாதீர். மணலை வீசித் தேய்க்காதீர். அடுத்தமுறை குடந்தைக்குச் செல்லுங்கால் பழையாறைக்கும் ஒரு பொழுது ஒதுக்குங்கள். அங்கே ஒரு விளக்கேற்றி, சுவரின் எழுத்தையும் சற்று நின்று நோக்குங்கள்.