மடியில் வைத்துப் போகும் மேசை

சிறுசேரிப் பட்டறையில் பழைய தேக்குக் கதவு ஒன்றை அறுக்கச் சொல்லி, இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு பலகை வாங்கினேன். அடியில் கால் அங்குல மரை பதித்துக் கேமரா முக்காலியில் திருகினால், படம் வரைய மேசை தயார். கழற்றினால் மகாபலிபுரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். சொந்த யோசனை என்று பெருமையாகச் சொன்னேன். ஆசாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சர்வே பலகைதானே?” என்றார்.

சிவில் படித்தவர்கள் வெயிலில் சுமந்த அதே ‘பிளேன் டேபிள்’தான். தாளை ஒட்டி, கலங்கரை விளக்கத்தருகே நின்று கடற்கரைக் கோயிலை நோக்கி ஒரு கோடு. வேறோர் இடத்துக்கு நகர்ந்து, நகர்ந்த தூரத்தை அளவுப்படி தாளில் குறித்து, பலகையைப் பழைய திசைக்கே திருப்பி, கோயிலை நோக்கி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில் கோயில் உட்கார்ந்துவிடும். கோணக் கணக்கு எதுவும் வேண்டாம்.

அந்த எளிமையே அதற்குக் கெட்ட பெயரும் வாங்கித் தந்தது. எண் தெரியாத பாமரர்களின் கருவி என்று இங்கிலாந்தில் தாமஸ் டிக்ஸ் 1591இல் இளக்காரமாக எழுதினார். யார் கண்டுபிடித்தது என்பதிலும் வழக்கு உண்டு. பிரெஞ்சு அரசவைச் சேவகர் ஆபெல் ஃபூலோன் இதற்கு அண்ணன் முறையான ஒரு கருவியைப் பற்றி 1555இல் புத்தகமே போட்டார். ஆனால் பெயரைத் தட்டிச் சென்றவர் ஜெர்மனியின் ஆல்ட்டார்ஃப் பேராசிரியர் பிரிட்டோரியஸ். கருவியின் ஆண்டு 1590 என்பார்கள். மாணவர் ஷ்வென்டர் எழுதிவைத்த புண்ணியம்! பலகைமேல் நகரும் பார்வைக்கோலின் பெயரான ‘அலிடேட்’ அரபுச் சொல். வான்மீன் பார்த்த அஸ்ட்ரோலாபிலிருந்து இறங்கி வயல்வெளிக்கு வந்தது.

பாமரர் கருவிக்கு மானம் மீட்டுத் தந்தது வரி. ஹாப்ஸ்பர்க் பேரரசு 1720களில் மிலான் வட்டார நிலங்களை வயல் வயலாக அளந்தபோது, வியன்னா அரசவைக் கணிதர் மரினோனி நம்பியது இந்தப் பலகையைத்தான். அதன்பின் ஆஸ்திரியப் படைக்கும் அது பழகிப்போயிற்று.

அங்கே பயின்ற அந்தோனி டிராயர், ஆளுநர் பெண்டிங்க் பிரபுவோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1804இல் இங்கே தொடங்கிய ராணுவப் பயிற்சி நிலையத்தில் இளம் அதிகாரிகளுக்குப் பலகை வேலை கற்றுக்கொடுத்தார். (பிற்காலத்தில் ராஜதரங்கிணியைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் இவரே. சர்வே வாத்தியாருக்குச் சமஸ்கிருதம்!) கோட்டையில் 1794இல் மைக்கேல் டாப்பிங் 8 பையன்களோடு தொடங்கிய சர்வே பள்ளி வேறு ஏற்கெனவே இருந்தது; இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு அதுதான் வேர்.

புகழ் என்னவோ பெரிய கருவிகளுக்குப் போயிற்று. 1802 ஏப்ரலில் சர்வேயர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம்வரை ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். அவர் கையில் இருந்த 100 அடி எஃகுச் சங்கிலி, சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அங்கே போணியாகாமல் கல்கத்தாவில் கைமாறியது. அந்த அடிக்கோட்டின்மேல் அவர் கட்டிய முக்கோணங்கள் வரைபடத்துக்கு வெறும் எலும்புக்கூடு. ஏரி, பனந்தோப்பு, ஊர்ப்பாதை என்று சதை வைத்தவர்கள் முக்காலியைத் தோளில் போட்டு நடந்த பலகைக்காரர்கள். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து அங்கேயே வரைவதால், விட்டுப்போனது உடனே தெரியும். அலுவலகத்துக்கு வந்து கணக்குப் போடுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

விமானப் படங்கள் வந்தபின் சர்வே பலகை ஓரங்கட்டப்பட்டது. இருந்தாலும் பாலிடெக்னிக் செய்முறை வகுப்பில் இன்னும் உயிரோடிருக்கிறது.

ஆசாரி என் பலகையின் அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் வைத்தார். திருகு ஓட்டைகளை வட்டமாகத் துளைக்காமல் நீளவாக்கில் இழுத்திருந்தார். கடற்காற்றில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், இறுக்கிவிட்டால் முறுக்கிக்கொள்ளுமாம். பழைய வரைபலகைகளிலும் ஓட்டை அப்படித்தான் இருக்கும்.