பாரிஸுக்குப் போன தாடை

1794 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சிப் படை மாஸ்ட்ரிக்ட் நகரைப் பிடித்தது. இன்றைய நெதர்லாந்தின் தென்கோடியில், மாஸ் நதிக்கரையில் இருந்த கோட்டை நகரம் அது. வென்றவர்கள் பாரிஸுக்கு அள்ளிச் சென்றவற்றில், சுண்ணாம்புக் கல்லோடு ஒட்டிக் கிடந்த ராட்சத மண்டையோடு ஒன்றும் இருந்தது.

ஊருக்கு வெளியே சின்ட் பீட்டர் குன்றைக் குடைந்து கல் வெட்டியபோது கிடைத்த பொருள் அது. நிலத்துக்குச் சொந்தக்காரரான கொடிங் என்ற பாதிரியாரிடம் இருந்தது. அதைக் கண்டுபிடித்துத் தருவோருக்கு 600 புட்டி ஒயின் பரிசு என்று பிரெஞ்சுத் தரப்பு அறிவித்ததாகவும், மறுநாளே வீரர்கள் தூக்கி வந்துவிட்டதாகவும் பிரெஞ்சுப் புவியியலாளர் ஃபோஜா எழுதி வைத்தார். வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. நாமும் நம்ப வேண்டியதில்லை. இதைவிடச் சுவையான கதை அந்த எலும்புக்குள்ளேயே இருக்கிறது.

அது என்ன விலங்கு? முதலை என்றார் ஃபோஜா. அவருக்கு முன்பே, அந்தக் குன்றின் எலும்புகளைத் திமிங்கலத்துடையவை என்று சொல்லியிருந்தார் டச்சு உடற்கூற்று அறிஞர் பெட்ரஸ் காம்பர். அவர் காலமான பிறகு, மகன் அட்ரியான் அதே எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். தாடையில் பின்னோக்கி வளைந்த தடித்த கூம்புப் பற்கள். அவற்றுக்கு உள்ளே, அண்ணத்தில், இன்னொரு வரிசைச் சிறு பற்கள். கவ்விய இரை வயிற்றுக்குள்தான் போகும், நழுவி வெளியே வராது. முதலைக்கு அண்ணத்தில் பல் கிடையாது, திமிங்கலத்துக்கும் கிடையாது. பல்லி, பாம்பு இனங்கள் சிலவற்றுக்கு உண்டு. இது உடும்பின் உறவு என்று முடிவுகட்டினார் அட்ரியான். தந்தையின் சொல்லை மறுக்க அவர் தயங்கவில்லை. இந்த வரலாற்றில் நான் பெரிதும் மதிப்பது அவரைத்தான்.

1808-இல் பாரிஸில் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதை ஏற்றார். உயிரினங்கள் அடியோடு அழிந்துபோவதுண்டு என்று வாதாடிவந்த அவருக்கு, 10 மீட்டருக்கும் மேல் நீண்ட இந்தக் கடல் பல்லி வலுவான சாட்சியானது. 1822-இல் ஆங்கிலேயப் புவியியலாளர் கானிபியர் அதற்கு மோசசாரஸ் என்று பெயரிட்டார்; மாஸ் நதிப் பல்லி என்று பொருள். அது வாழ்ந்த, சுமார் 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலகட்டமும் அந்த நகரின் பெயரால் மாஸ்ட்ரிக்டியன் என்றே ஆனது. நம் அரியலூரில் சிமென்ட்டுக்காக வெட்டப்படும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை அதே காலத்துக் கடலடியில் படிந்ததுதான்.

1815-இல் நெப்போலியன் வீழ்ந்ததும், பிரெஞ்சுப் படைகள் அள்ளிச் சென்ற ஓவியங்கள் பல சொந்த ஊர் திரும்பின. ஆனால் இந்த மண்டையோடு இன்றும் பாரிஸில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் உடைமை. மாஸ்ட்ரிக்டிடம் அதைத் திருப்பிக் கொடுப்பதே நியாயம்.

(தொடரும்)