ஒட்டியதும் கைவேலைதான்: வாழ்த்து அட்டைக்கு முத்திரையும் மையும் டையும் வந்த வழி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1850களில் செய்த காதலர் தின வாழ்த்து அட்டை ஒன்றை அடுக்கடுக்காகப் பிரித்தால் இப்படி இருக்கும். அடியில் புடைப்பு அச்சிட்ட தாள். அதன்மேல் பின்னல் வேலைபோல் துளைகள் நிறைந்த காகித லேஸ். லேஸின் வெண்மை எடுப்பாகத் தெரியட்டும் என்று இரண்டுக்கும் நடுவே பளபளக்கும் சிவப்பு அல்லது நீலத்தாளில் ஒரு சின்ன வில்லை. நடுவில் பூங்கொத்துப் படம். மேலடுக்கு படிந்துவிடாமல் தூக்கி நிற்க, விசிறிபோல் மடித்த துண்டுத்தாள். லேஸும் பூப்படமும் இங்கிலாந்திலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் விலைக்கு வாங்கியவை. வூஸ்டரில் நடந்தது வெட்டியதும் ஒட்டியதும்தான். ஆனாலும் அதைக் கைவேலை என்றே இன்றுவரை பேசுகிறோம்.

உறுப்பெல்லாம் ஆலையில் பிறந்திருக்க, ஓர் அட்டை எந்த இடத்தில் 'கையால் செய்தது' ஆகிறது? இக்கட்டுரையின் கேள்வி இதுதான். இன்று வீட்டில் வாழ்த்து அட்டை செய்பவர்களின் மேசையில் ரப்பர் ஸ்டாம்ப், மை, தாளை வடிவமாக வெட்டும் டை மூன்றும் தவறாமல் இருக்கும். மூன்றில் எதுவும் வாழ்த்து அட்டைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஸ்டாம்பும் மையும் அலுவலக மேசையிலிருந்து வந்தன. டை செருப்புப் பட்டறையிலிருந்து வந்தது. அவை வந்த வழியைப் பின்தொடர்ந்தால், கைவேலை என்ற சொல்லின் பொருள் இரண்டு முறை மாறியிருப்பது புலப்படும். கைவேலை ஒரு கட்சி, ஆலை எதிர்க்கட்சி என்று பிரித்துப் பேசும் வழக்கம் இந்தப் பொருளுக்குச் சற்றும் பொருந்தாது என்பது என் கருத்து.

தபால் கட்டணம் செய்த வேலை

அட்டையின் வரலாற்றை அலங்காரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். தபால் கட்டணத்திலிருந்து தொடங்குவதே சரி. பிரிட்டனில் 1840க்கு முன்பு கடிதத்துக்கான கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. உறையும் ஒரு தாளாகக் கணக்கில் சேரும். பெரும்பாலும் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும். மூன்று நான்கு அடுக்கு வைத்து ஒட்டி உறையிலிட்டு அனுப்பினால், அன்பு காட்டியவர் மேல் பெறுபவருக்குக் கோபம்தான் வந்திருக்கும். 1840 ஜனவரி 10 முதல், அரை அவுன்ஸ் வரை நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி என்று ஆயிற்று. அரை அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 14 கிராம். இனி எண்ணிக்கை பொருட்டல்ல, எடைதான் கணக்கு. மெல்லிய காகித லேஸை எத்தனை அடுக்கு வைத்தால் என்ன? அமெரிக்காவும் 1845இல் அரை அவுன்ஸ் கணக்குக்கு வந்தது. 1853இல் உறை மடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய ரஸ்ஸல் ஹாஸ் என்ற மருத்துவர், இதே வூஸ்டர்க்காரர்.

காகித லேஸ் பென்னிக் கட்டணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே தயாராக இருந்தது. 1834இல் லண்டன் டாப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜோசஃப் ஆடன்புரூக், புடைப்பு அச்சு ஏறிய தாளின் மேடுகளை அரத்தால் தேய்த்தபோது அந்த இடங்கள் துளைகளாகத் திறந்துகொண்டன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஊசி குத்தாமல், கத்தரி படாமல் ஓட்டை. டை கொண்டு காகிதத்தை அலங்கரிக்கும் தொழிலுக்கு இது முக்கியமான படி.

1843இல் ஹென்றி கோல் அச்சிடவைத்த கிறிஸ்துமஸ் அட்டையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்: ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது, 1000 படிகள், ஒன்று ஒரு ஷில்லிங். நம் கேள்விக்கு உதவும் செய்தி ஒன்றுதான். கல்லச்சில் கோடு மட்டும் அச்சானது; வண்ணம் ஒவ்வொன்றிலும் கையால் தீட்டப்பட்டது. 'அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை' என்று பெயர் வாங்கிய அட்டையிலேயே பாதி கைவேலை.

மூன்றாம் மாடி

தொடக்கத்தில் பிரித்துப் பார்த்த அட்டைக்குப் பின்னால் இருப்பவர் எஸ்தர் ஹௌலண்ட்; 1828இல் வூஸ்டரில் பிறந்தவர். தந்தை அங்கே புத்தகமும் எழுதுபொருளும் விற்றார். 1847இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் படிப்பு முடித்த சமயம், தந்தையின் வியாபாரத் தொடர்பில் இருந்த ஒருவரிடமிருந்து இங்கிலாந்தில் செய்த அட்டை ஒன்று அவருக்கு வந்தது. இதைவிட நன்றாக நாமே செய்யலாமே என்று பட்டது. லேஸும் படங்களும் வரவழைத்து ஒரு டஜன் மாதிரி ஒட்டினார். கடைச் சரக்குக்கு ஆர்டர் பிடிக்கப் போன சகோதரர் அவற்றையும் பெட்டியில் எடுத்துப் போனார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்பது எஸ்தரின் கணக்கு. திரும்பி வந்தவரிடம் 5000 டாலருக்கு மேல் ஆர்டர் இருந்தது.

இருபது வயதுப் பெண் தனியாக ஒட்டி முடிக்கும் வேலையா அது? தோழிகளைக் கூப்பிட்டார். வீட்டின் மூன்றாம் மாடியில் நீண்ட மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி படங்களை வெட்டுவாள். அடுத்தவள் அடித்தாளைத் தயார் செய்வாள். அதற்கடுத்தவள் லேஸ் வைப்பாள். மாதிரி அட்டை கண்முன் இருக்கும். ஃபோர்டின் மோட்டார் கார் வரிசைக்கு அறுபது ஆண்டுகள் முந்திய வரிசை இது. இடம் போதாமல் போன பிறகு, வெட்டிய துண்டுகளையும் மாதிரியையும் பெட்டியில் போட்டு வீடுகளுக்கு அனுப்பி, ஒட்டி முடித்ததை ஒரு வாரம் கழித்து வண்டியில் சேகரித்து, எஸ்தரே சரிபார்த்தார். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டியவர்களுக்கு இந்த ஏற்பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

எஸ்தரை 'அமெரிக்கக் காதலர் தின அட்டையின் தாய்' என்பது வழக்கம். அது மிகை. அச்சிட்ட அமெரிக்க அட்டைகளும் இறக்குமதி அட்டைகளும் அதற்கு முன்பே கடைகளில் விற்றன. அவர் செய்த புதுமை வேறு. லேஸின் அடியில் வண்ண வில்லை வைப்பதும், மடிப்புத் தாளால் அடுக்குகளை உயர்த்துவதும் அவர் பட்டறையின் முத்திரைகள். அதைவிட முக்கியமாக, கை என்பது உறுப்புகளைச் செய்யும் கையாக இருந்த நிலை மாறி, உறுப்புகளைச் சேர்க்கும் கை ஆனது. சொல்லின் பொருள் முதல்முறை மாறிய இடம் இந்த மூன்றாம் மாடி.

1879இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு புத்தகத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். அதில் 131 வாழ்த்துப் பாக்கள் இருந்தன. அட்டையின் அழகு பிடித்து, உள்ளே இருக்கும் பாட்டு பிடிக்காவிட்டால், வாங்குபவர் புத்தகத்திலிருந்து வேறொன்றைத் தேர்ந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். படம் ஒரு பக்கம், வாசகம் ஒரு பக்கம் என்று தனித்தனியே விற்கும் இன்றைய ஸ்டாம்ப் செட்டுகளின் தர்க்கம் இதுவே. 'பிறந்தநாள் வாழ்த்து', 'நன்றி' என்ற வாசகங்களுக்குத் தனி ஸ்டாம்ப். பூவுக்கும் பறவைக்கும் தனி ஸ்டாம்ப். 1881இல் தொழிலை அதே ஊர் ஜார்ஜ் விட்னியின் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு எஸ்தர் ஒதுங்கினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஒட்டுப்படத் தாள்கள் கப்பல் கப்பலாக வந்தன. வண்ணக் கல்லச்சில் அடித்து, புடைப்பு ஏற்றி, டை வைத்து ஓரம் வெட்டிய தேவதைகளும் ரோஜாக்களும் நாய்க்குட்டிகளும், உதிராமல் இருக்கச் சின்னக் காகிதப் பட்டிகளால் ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டிருக்கும். பிய்த்தெடுத்து ஒட்ட வேண்டியதுதான். கத்தரி பிடித்த கைக்கும் வேலை போயிற்று.

பல் மருத்துவர், செருப்புத் தைப்பவர், காகிதப் பை வியாபாரி

ரப்பர் ஸ்டாம்பின் கதையும் மாசசூசெட்ஸில்தான் தொடங்குகிறது. 1839இல் வோபர்ன் ஊரில் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூட்டில் பதப்படுவதைக் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். கெட்டிப்பட்ட ரப்பரைப் பொய்ப்பல் கட்டும் தகடாக்கப் பல் மருத்துவர்கள் சிறிய அழுத்தக் கொதிகலன்களை வாங்கி வைத்திருந்தார்கள். பல்லை வார்க்கும் பாத்திரத்தில் எழுத்தையும் வார்க்கலாம் அல்லவா? எழுத்துக்கு அச்சுக்குழி எடுத்து, அதில் ரப்பரை வைத்து, அந்தக் கொதிகலனில் வேகவைத்துத்தான் 1860களில் முதல் ரப்பர் ஸ்டாம்புகள் பிறந்தன. முதலில் செய்தவர் நானே என்று பலர் உரிமை கோரினார்கள். அந்த வழக்கில் நான் இறங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் உலக ரப்பரின் பெரும்பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்தது; அங்கே விடிகாலையில் மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஸ்டாம்புக்கு ஏற்ற மை தனியாக வேண்டியிருந்தது. அச்சக மை எண்ணெய் மை; அது ரப்பரைக் கெடுக்கும், சுத்தம் செய்யவும் எளிதல்ல. 1856இல் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததைத் தொடர்ந்து வந்த அனிலின் சாயங்கள் இந்த இடத்தை நிரப்பின. சாயத்தைத் தண்ணீரிலும் கிளிசரினிலும் கரைத்தால், கிளிசரின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்; மைப் பேட் காயாது. நம் தாலுகா அலுவலகங்களின் ஊதா மை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

டையின் வேர் தோலில் இருக்கிறது. ஒரே அளவில் ஆயிரம் அடித்தோல் வெட்ட, கூர்விளிம்பு கொண்ட இரும்பு அச்சைத் தோல்மேல் வைத்து அடிப்பது செருப்புத் தொழிலின் முறை. அட்டைத்தாளுக்கு அது வந்த கதையில் நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த ராபர்ட் கேர் வருகிறார். 1879இல் அவருடைய அச்சகத்தில் விதைப் பைகளை அச்சிட்டுக்கொண்டிருந்தபோது, ஓர் இரும்புப் பட்டை இடம் பெயர்ந்து பைகளை வெட்டிவிட்டது. மற்றவர்கள் சரக்கு வீணாயிற்றே என்று பார்த்த இடத்தில், வெட்டுவதையும் மடிப்புக் கோடு போடுவதையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாம் என்று கேர் பார்த்தார். மடித்த அட்டைப்பெட்டித் தொழில் அதிலிருந்து எழுந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நம் ஊர் அச்சகங்களிலும், பலகையில் கீறிப் பதித்த இரும்புத் தகடும், வெட்டிய தாளை வெளியே தள்ள அதன் இருபுறமும் ஒட்டிய ஸ்பாஞ்சுத் துண்டுமாக இருக்கும் 'டை' இதே கொள்கையில் ஓடுகிறது.

மேசை இடம் மாறியது

இருபதாம் நூற்றாண்டின் முதல் முக்கால் பகுதியை வேகமாகக் கடக்கலாம். 1910இல் ஜாய்ஸ் ஹால் கான்சஸ் சிட்டியில் தொடங்கிய தொழில் ஹால்மார்க் ஆயிற்று; அட்டை முழுதாக அச்சகத்தின் சரக்கானது. கைவேலை பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தொட்டுப் பூ அடித்த நம் குழந்தைகள் செய்ததும் அதுதான். நம் பொங்கல் வாழ்த்து அட்டை இந்த வரலாற்றின் வேறு கிளை. அது சிவகாசி அச்சகத்தின் பிள்ளை. அதில் கைவேலை என்பது கையெழுத்து மட்டும்.

ஸ்டாம்பை அலுவலகத்திலிருந்து விடுவித்தவர்கள் ஓவியர்கள். 1919 வாக்கில் ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் அலுவலக ஸ்டாம்புகளைக் கொண்டே படம் செய்தார். 1960, 70களில் தபால்வழிக் கலை என்று ஒன்று பரவியது. உறைமேல் ஸ்டாம்ப் அடித்து அனுப்புவதே படைப்பு. 1980இல் அமெரிக்காவில் 'ரப்பர்ஸ்டாம்ப்மேட்னஸ்' என்ற பத்திரிகை இதற்கென்றே வந்தது. அதன்பின் திருப்பம். 1988இல் ஷெல்லி கார்ட்னர் தன் சகோதரியோடு தொடங்கிய 'ஸ்டாம்பின் அப்' நிறுவனம், வீட்டுக் கூடத்தில் பெண்களைக் கூட்டிவைத்து, அட்டை செய்துகாட்டி, சாமான்களை விற்றது. சொல்லின் பொருள் இரண்டாம் முறை மாறியது இங்கே. எஸ்தர் முடித்த அட்டையை விற்றார். இவர்கள் முடிக்காத அட்டையை விற்றார்கள். ஒட்டும் கைக்கு அன்று கூலி கிடைத்தது. இன்று ஒட்டும் கை காசு கொடுக்கிறது.

டையும் அப்படியே வீட்டுக்குள் வந்தது. 1977இல் எல்லிசன் நிறுவனம் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு எழுத்து வெட்டும் கைப்பொறி செய்தது; அதே நிறுவனம் 2001இல் 'சிஸ்ஸிக்ஸ்' என்ற பெயரில் வீட்டுப்பொறியை இறக்கியது. அடுத்து, ரசாயனத்தால் அரித்தெடுத்த மெல்லிய உலோக டைகள் வந்தன. காகிதத்தைவிடச் சற்றே தடிமனான அந்தத் தகட்டைத் தாள்மேல் வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் பலகை கொடுத்து, கைப்பிடியைச் சுற்றி இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓட்டினால் போதும். பலகை நாளடைவில் கீறல் விழுந்து வாழைமட்டைபோல் வளையும். புரட்டிப் போட்டு ஓட்டுவார்கள். நுண்ணிய இடுக்கில் சிக்கிய தாளை ஊசியால் குத்தித் தள்ள, டையிலேயே சின்னத் துளைகள் இருக்கும்.

மையின் கலை இதைவிட நுட்பமானது. சாய மை தாளுக்குள் இறங்கிச் சீக்கிரம் காயும். நிறமித் துகள் கலந்த மை தாளின் மேலேயே தங்கிப் பொறுமையாகக் காயும். அந்த ஈரம் இருக்கும்போதே பிசின்பொடியைத் தூவி, தாளைக் கவிழ்த்துத் தட்டி, மிச்சப் பொடியை டப்பாவுக்குத் திருப்பிவிட்டு, வெப்பக்காற்றுத் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு ஓர் ஓரத்தில் பொடி திடீரென்று உருகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு கோட்டின் வழியே ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு ஆகாது: சூடு போதாது, காற்று அதிகம், உருகுமுன் பொடி பறந்துவிடும். ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டுவதாக இருந்தால் கரைப்பான் மை உதவாது; கோடு கலைந்து முகமெல்லாம் கறுப்பாகும்.

டை, மை, பொடி, ஸ்டாம்ப் எல்லாம் ஆலைச் சரக்குதான். எந்த மைக்கு எந்தத் தாள், எத்தனை நொடி சூடு என்ற தெரிவு மட்டும் மேசையில் நடக்கிறது. எஸ்தரின் தோழி லேஸை எங்கே வைப்பது என்று மாதிரியைப் பார்த்தாள். இன்றைய பெண் தானே முடிவு செய்கிறாள். அந்த வகையில் இன்றைய அட்டையே கைவேலை என்ற பெயருக்கு அதிகம் பொருந்தும் என்று சொல்லத் தயங்கமாட்டேன், உறுப்புகளில் ஆலையின் பங்கு அன்றைவிடக் கூடியிருந்தாலும்.

எஸ்தர் ஹௌலண்டின் அட்டைகளில் பலவற்றின் பின்புறம் சிவப்பு மையில் சின்னதாக 'எச்' என்ற எழுத்து அடித்திருக்கும். சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான். இன்று அட்டை செய்பவர்களும் பின்புறத்தில் ஒரு ஸ்டாம்ப் அடிக்கிறார்கள். 'கையால் செய்தது' என்று அதில் இருக்கும். அதுவும் கடையில் வாங்கியது.